நெடும்புல் பிரெய்ரி: அழிந்த கதையும் மீட்கும் வேலையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

புல்வெளிதானே, இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து கிழக்கே வரவர மழை கூடும். மழை கூடக்கூடப் புல்லும் உயரும். ராக்கி மலையின் மழைமறைவில் கணுக்காலைத் தொடும் குட்டைப்புல். நடுவில் குட்டையும் நெட்டையும் கலந்த புல். கிழக்கு கான்சஸ், அயோவா, மிசௌரி, இல்லினாய் என்று வந்தால் ஆளை மறைக்கும் புல். அதுதான் நெடும்புல் பிரெய்ரி. ஆகஸ்ட் கடைசியில் பிக் புளூஸ்டெம் என்ற புல் ஆறு முதல் எட்டு அடி உயரம் நிற்கும். அதன் கதிர் மூன்றாகப் பிரிந்து வான்கோழியின் காலைத் தலைகீழாகப் பிடித்தது போல இருக்கும். நமக்கு அது தெரியாத குடும்பம் இல்லை. சோளம், கரும்பு, வெட்டிவேர், எலுமிச்சைப்புல் எல்லாம் அதன் பங்காளிகள்.

எடை போட்டால் புல்தான் அதிகம். ஆனால் இனங்களை எண்ணினால் பூச்செடிகள்தான் முன்னால் நிற்கும்: காம்பஸ் பிளான்ட், லெட் பிளான்ட், ராட்டில்ஸ்நேக் மாஸ்டர், ஊதாக் கூம்புப்பூ, எருக்கின் உறவான மில்க்வீட். பிரெய்ரியின் பெரும்பங்கு உடம்பு மண்ணுக்குக் கீழே இருக்கிறது. பிக் புளூஸ்டெம்மின் வேர் எட்டு அடி போகும். காம்பஸ் பிளான்ட்டின் ஆணிவேர் பத்து அடியையும் தாண்டும். ஆண்டுதோறும் மடியும் வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கி உண்டானதுதான் அயோவாவின் பெயர்பெற்ற கருமண். அந்த மண்ணின் வளமே பிரெய்ரிக்கு எமனானது.

எவ்வளவு இருந்தது? எவ்வளவு மிச்சம்?

சுமார் 17 கோடி ஏக்கர் இருந்தது. தமிழ்நாட்டின் பரப்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். இன்று 4 சதவீதத்துக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி கான்சஸ், ஓக்லஹோமா மாநிலங்களில் உள்ள பிளின்ட் ஹில்ஸ் என்ற ஒரே பகுதியில்தான். 'பிரெய்ரி மாநிலம்' என்று பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருக்கும் இல்லினாயில் 2 கோடி ஏக்கருக்கு மேல் இருந்ததில், தரம் கெடாமல் தப்பியது ஏறத்தாழ 2,500 ஏக்கர்தான். அயோவாவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை.

அவ்வளவு நிலம் எப்படி இத்தனை சீக்கிரம் போனது?

முதலில் வந்த குடியேறிகளின் வார்ப்பிரும்புக் கலப்பையில் இந்தக் கருமண் பசை போல ஒட்டிக்கொண்டது. சில அடி உழுவதற்குள் நிறுத்தி, கலப்பையைச் சுரண்டிவிட்டுத்தான் மேலே போக முடியும். 1837இல் இல்லினாயின் கிராண்ட் டீடூர் என்ற ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர் வழவழப்பான எஃகு முகம் வைத்த கலப்பையைச் செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. பிறகு சதுப்பான தாழ்நிலங்களில் சுட்டமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்தார்கள். 1874இல் இல்லினாய்க்காரரான ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்ற முள்கம்பி, திறந்த வெளியைத் துண்டு போட்டது.

கலப்பையை மட்டும் குற்றம் சொல்வது பாதிக் கதை. ஓசேஜ், கான்சா போன்ற தொல்குடிகள் வேட்டைக்காகவும் இளம்புல்லுக்காகவும் திட்டமிட்டுத் தீ வைத்து வந்தார்கள். அவர்களை அப்புறப்படுத்தியதோடு தீயும் நின்றது. கோடிக்கணக்கில் திரிந்த பைசன் காட்டெருமைகள் 1880களின் இறுதியில் ஆயிரத்துக்கும் கீழே போயின. எனவே உழாமல் விட்ட இடங்களும் உருமாறின.

பிளின்ட் ஹில்ஸ் மட்டும் எப்படித் தப்பியது?

கல்தான் காப்பாற்றியது. மண்ணுக்கு அடியில் சில அங்குலத்திலேயே சிக்கிமுக்கிக்கல் அடுக்கு, கலப்பை இறங்காது. உழ முடியாததால் மாட்டு மேய்ச்சலுக்கு விட்டார்கள். மேய்ப்பவர்கள் வசந்த காலத்தில் தீ வைக்கும் வழக்கத்தையும் விடவில்லை. கொன்சா பிரெய்ரி ஆய்வு நிலையமும், 1996இல் அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 ஏக்கர் தேசியக் காப்பகமும் அங்கேதான் இருக்கின்றன.

மற்ற மாநிலங்களில் தப்பியவை துண்டு துண்டுகள். ரயில் பாதையின் ஓரம், பழைய கல்லறைத் தோட்டம், உழ முடியாத மேட்டுச் சரிவு. இல்லினாயின் மெக்லீன் கவுண்டியில் உள்ள வெஸ்டன் கல்லறைத் தோட்டம் வெறும் 5 ஏக்கர். சுற்றிலும் மக்காச்சோளமும் சோயாவும்தான்.

காலி நிலம் என்றால் மரம் நடலாமே? அதுவும் பசுமைதானே?

இந்தக் கேள்விதான் புல்வெளிக்கு ஆகாத கேள்வி. நெடும்புல் பகுதியில் பெய்யும் மழை மரத்துக்கும் போதும். மரத்தை அண்டவிடாமல் வைத்திருந்தது தீயும் மேய்ச்சலும்தான். கொன்சாவில் ஓடைப் படுகைகளைப் பிரித்து, சிலவற்றுக்கு ஆண்டுதோறும், சிலவற்றுக்கு 2, 4, 20 ஆண்டுக்கு ஒருமுறை தீ வைத்துப் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். இடைவெளி மூன்று ஆண்டைத் தாண்டினால் புதர் ஏறத் தொடங்குகிறது. 20 ஆண்டு விட்ட இடம் புல்வெளியாகவே இல்லை.

நீலகிரியிலும் பழனி மலையிலும் 'வெற்று நிலம்' என்று சொல்லிச் சீகை மரமும் தைலமரமும் நட்டதன் விளைவு நமக்குத் தெரியும். பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டில் மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். தவறு ஒன்றுதான், வைத்தியம் வேறு. கீழே சொல்லும் செய்முறையை, தீ வைப்பதை முக்கியமாக, சோலைப் புல்வெளிக்கு அப்படியே எடுத்துப் போகாதீர்கள்.

தீ வைத்தால் புல்லும் சேர்ந்து கருகாதா?

மரத்தின் குருத்து கிளை நுனியில். பிரெய்ரிப் புல்லின் குருத்து மண்ணுக்குள். மேலே எரிவது போன ஆண்டின் சருகுதான். சருகு போனதும் கருத்த மண் வெயிலை வாங்கிச் சீக்கிரம் சூடாகும். வெயில் காலத்துப் புற்கள் முந்திக்கொண்டு கிளம்பும். ஐரோப்பாவிலிருந்து வந்த கென்டக்கி புளூகிராஸ், ஸ்மூத் புரோம் போன்ற குளிர்காலப் புற்கள் ஏப்ரலிலேயே பசுமையாக நிற்பதால் அந்த நேரத்துத் தீயில் அடி வாங்கும். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கர்டிஸ் பிரெய்ரியில் 1940களில் நடந்த எரிப்புச் சோதனைகள் இதைத்தான் காட்டின. கைவிட்ட பண்ணை நிலத்தில் 1930களின் நடுவில் தொடங்கிய அந்த இடம்தான் உலகின் மிகப் பழைய பிரெய்ரி மீட்பு.

எங்களிடம் அங்கே கொஞ்சம் நிலம் இருக்கிறது. விதை வாங்கித் தூவிவிடலாமா?

பொறுங்கள். முதலில் அந்த நிலம் எப்போதாவது உழப்பட்டதா என்று பாருங்கள். பழைய வான்படங்களும் பக்கத்து விவசாயிகளும் சொல்வார்கள். உழாத மூலையில் லெட் பிளான்ட், பிரெய்ரி டிராப்சீட், காம்பஸ் பிளான்ட் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அது மிச்சத் துண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே உழவும் வேண்டாம், விதைக்கவும் வேண்டாம். புதரை வெட்டித் தீயைத் திரும்பக் கொண்டுவந்தாலே பல செடிகள் தாமாகத் தலைகாட்டும். எவ்வளவு செலவழித்து விதைத்தாலும் உழாத ஓர் ஏக்கருக்கு ஈடு செய்ய முடியாது. மண்ணின் பொருபொருப்பும் பூஞ்சையும் நுணுக்கமான இனங்களும் திரும்பிவரப் பல பத்தாண்டுகள் ஆகும். சில வருவதே இல்லை.

உழுத நிலம்தான் என்றால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.

நிலத்தை எப்படித் தயார் செய்வது?

மீட்பு வேலைகளில் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். விதைத்த பிறகு பல்லாண்டுக் களையை ஒழிப்பது, விதைக்கும் முன் ஒழிப்பதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். களைக்கொல்லி அடித்தால் நீங்கள் வைத்த பூச்செடியும் சேர்ந்து சாகும்.

சென்ற ஆண்டு சோயா விளைந்த நிலம் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. களை குறைவு, தாள் குறைவு, மண் இறுக்கமாக விதைப்புக்குத் தயாராக இருக்கும். மக்காச்சோளத் தாள் தடிப்பு. விதை மண்ணைத் தொடாது. எதுவானாலும் கடைசி இரண்டு ஆண்டு என்ன களைக்கொல்லி அடித்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். அட்ரசின் போன்றவை மண்ணில் தங்கி அடுத்த ஆண்டுப் பூச்செடி நாற்றைக் கொல்லும்.

பழைய மேய்ச்சல் நிலமோ புல்தரையோ என்றால் ஒரு முழுப் பருவம் ஒதுக்குங்கள். வசந்தத்தில் குட்டையாக வெட்டி, அரை அடி தளிர்த்ததும் கிளைபோசேட் களைக்கொல்லி, கோடையில் மறுபடி, செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் மூன்றாவது முறை. இந்த மூன்றாவதைத் தவிர்க்கவே கூடாது. அப்போதுதான் புரோம் தன் சத்தை வேருக்கு இறக்கும். மருந்தும் கூடவே இறங்கும். ரீட் கேனரி கிராஸ் என்ற களைப்புல் இருந்தால் ஒரு பருவம் போதாது. இரண்டு ஆண்டு சோயா பயிரிட்டுச் சுத்தம் செய்வது உத்தமம்.

மருந்து வேண்டாம் என்பவர்கள் சிறு பரப்பில் கருப்புத் தார்ப்பாயை ஒரு முழு வளர்பருவம் மூடி வைக்கலாம். திரும்பத் திரும்ப உழுவதும் ஒரு வழிதான். ஆனால் ஒவ்வொரு உழவும் அடியில் தூங்கும் களைவிதையை மேலே கொண்டுவரும். கடைசி உழவுகள் இரண்டு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது.

தாழ்வான நிலம் என்றால் பழைய வடிகால் குழாய்கள் புதைந்திருக்கும். அவற்றை உடைக்காமல் ஈரநிலச் செடிகளை விதைப்பது காசைக் கரியாக்குவது. உடைத்தால் மேட்டுப் பக்கத்து விவசாயியின் வயலில் தண்ணீர் தேங்குமா என்பதை முன்பே பார்த்துவிடுங்கள். சண்டை வரும் இடம் அது.

விதை எவ்வளவு? பவுண்டு கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா?

எண்ணிக்கை. பவுண்டுக் கணக்கு ஏமாற்றும். ஒரு பவுண்டு காம்பஸ் பிளான்ட்டில் ஏறத்தாழ 10,000 விதைகள். பிக் புளூஸ்டெம்மில் 1,65,000. பிளாக் ஐட் சூசன் என்ற பூச்செடியில் 14 லட்சத்துக்கு மேல். அதனால் சதுர அடிக்கு இத்தனை விதை என்று வையுங்கள்: 40 முதல் 60. சரிவிலும் களை மிகுந்த இடத்திலும் கூட்டலாம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. சதுர அடிக்கு 50 என்றால் சுமார் 22 லட்சம் விதை. சென்ட் கணக்கில் பழகியவர்களுக்கு, ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ 22,000.

இதில் பூச்செடியும் கோரைகளும் பாதிக்குக் குறையவே கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். புல்விதை மலிவு, பூச்செடி விதை விலை. கை தானாகப் புல் பக்கம் போகும். ஏக்கருக்கு 6 பவுண்டு பிக் புளூஸ்டெம் போட்டால் சதுர அடிக்கு 23 விதை விழுகிறது. ஐந்தாம் ஆண்டில் அங்கே வேறெதுவும் இருக்காது. கரும்புக்காடு மாதிரி ஒரே புல். சதுர அடிக்கு 2 விதை போதும், அதாவது ஏக்கருக்கு அரை பவுண்டு. மீதிப் புல் பங்கை லிட்டில் புளூஸ்டெம், சைட்ஓட்ஸ் கிராமா, பிரெய்ரி டிராப்சீட் போன்ற அடக்கமான புற்களுக்குக் கொடுங்கள். சுவிட்ச்கிராஸைக் கலவையில் சேர்க்காமலே விடலாம். தேவைப்பட்டால் அது தானே வந்து சேரும்.

வாங்கும்போது மூட்டை எடையைப் பார்க்காதீர்கள். புறத்தூய்மையையும் முளைப்புத்திறனையும் பெருக்குங்கள். தூய்மை 60, முளைப்பு 75 என்றால் உயிருள்ள விதை 45 சதவீதம். 10 பவுண்டு உயிர்விதைக்கு 22 பவுண்டு மூட்டை வேண்டும். கையால் சோதிக்க ஒரு வழி: புளூஸ்டெம் விதை பத்தை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து உமியை ஊதுங்கள். உள்ளே தவிட்டு நிறத்தில் கெட்டியான மணி இருந்தால் விதை. உமியோடு எல்லாம் பறந்துவிட்டால் பதர். பதர் நிறைந்த ஆண்டுகள் உண்டு.

எந்த ஊர் விதையானாலும் சரியா?

இல்லை. கான்சஸ் விதையை மினசோட்டாவில் போட்டால் விதை முற்றும் முன் பனி வந்துவிடும். அருகில், முடிந்தால் நூறு இருநூறு மைலுக்குள், சேகரித்த விதை நல்லது. தீவனத்துக்காகத் தேர்ந்தெடுத்த ரகங்களைத் தவிர்த்துவிடுங்கள். அவை உயரத்துக்கும் வேகத்துக்கும் தேர்ந்தவை. பக்கத்துச் செடிக்கு இடம் விடாது.

தானே சேகரிப்பவர்கள் நில உரிமையாளரின் அனுமதி வாங்கி, ஓரிடத்தில் பாதிக்கு மேல் எடுக்காமல் இருக்க வேண்டும். புற்களுக்குச் செப்டம்பர் இறுதி, அக்டோபர். காகிதப் பையில்தான் போடவேண்டும். பிளாஸ்டிக் பையில் ஒரே இரவில் வெந்துபோய்ப் பூசணம் பிடிக்கும். வீட்டில் விரித்து மின்விசிறிக் காற்றில் ஒரு வாரம் காயவைத்து, எலி புகாத டப்பாவில் குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.

எப்போது விதைப்பது?

பூச்செடிகளில் பெரும்பாலானவை குளிரும் ஈரமும் சில வாரங்கள் பட்டால்தான் முளைக்கும். நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை விதைத்தால் அந்த வேலையைக் குளிர்காலமே பார்த்துக்கொள்ளும். மண் உறைந்து உருகும்போது வெடிப்புகளில் விதை தானே இறங்கும். மே, ஜூனில் விதைத்தால் புல்லுக்குச் சாதகம், பூவுக்குப் பாதகம். மணற்சரிவில் மட்டும் பனிக்கால விதைப்பு அரித்துப் போகலாம். அங்கே வசந்தம் தேவலை.

கையால் தூவ மென்மையான பனி ஓர் அங்குலம் படிந்த, காற்றில்லாத நாள் அருமையானது. விழுந்த விதை வெள்ளையில் கரும்புள்ளியாகத் தெரியும். விட்டுப்போன இடமும் தெரியும். விதையை ஈர மணல் அல்லது மரத்தூளோடு கலந்து, இரண்டு சம பாகமாக்கி, ஒன்றைத் தெற்கு வடக்காகவும் மற்றதைக் கிழக்கு மேற்காகவும் தூவுங்கள். முதல் பாதியிலேயே மூட்டை தீர்ந்துவிடும் பிழை இதனால் நேராது.

இயந்திரம் என்றால் பஞ்சு போன்ற விதைக்கென்று தனிப் பெட்டி உள்ள விதைப்பான் வேண்டும். கோதுமை விதைப்பானில் புளூஸ்டெம் அடைத்துக்கொள்ளும். ஆழம் கால் அங்குலத்துக்கு மேல் போனால் நுண்விதை எல்லாம் சமாதி. வரிசையில் விதை அங்கங்கே மண்ணுக்கு மேலே தெரிந்தால் ஆழம் சரி. வசந்தத்தில் தூவினால் பிறகு உருளை ஓட்டவேண்டும். நடந்தால் செருப்புத் தடம் அரை அங்குலத்துக்கு மேல் பதியக்கூடாது, அவ்வளவு இறுக்கம். பயறு வகைக் குடும்பச் செடிகளுக்கு அதற்கேற்ற ரைசோபியம் என்ற வேர்முடிச்சு நுண்ணுயிரை விதையோடு கலக்க வேண்டும். உரம் போடவே வேண்டாம். தழைச்சத்து களைக்குத்தான் விருந்து.

முதல் ஆண்டு முழுக்கக் களைதான். பணம் போச்சா?

போகவில்லை. பிரெய்ரிச் செடி முதல் ஆண்டு கீழே வளரும். மேலே நான்கு அங்குல இலை, அடியில் ஒன்றரை அடி வேர். அங்கே இதைச் சொல்லும் வழக்கமான பேச்சு: முதல் ஆண்டு தூங்கும், இரண்டாம் ஆண்டு தவழும், மூன்றாம் ஆண்டு தாவும்.

உங்கள் வேலை புல் வெட்டும் இயந்திரம் ஓட்டுவது. களை ஓர் அடி, ஒன்றரை அடி வந்ததும் ஐந்தாறு அங்குலத்துக்கு வெட்டுங்கள். அந்தப் பருவத்தில் மூன்று முதல் ஐந்து முறை வரும். நாற்றுகள் கத்திக்குக் கீழே குட்டையாக இருப்பதால் தப்பும். பொடியாக நறுக்கும் ஃபிளெய்ல் வகை இயந்திரம் நல்லது. நீளமாகக் கிடத்திப் போடும் வகை, வைக்கோல் மெத்தை போட்டு நாற்றை மூச்சுத் திணற வைக்கும். 'இரண்டடி வரட்டும், ஒரேயடியாக வெட்டலாம்' என்று தள்ளிப்போட்டாலும் அதே கதிதான். இரண்டாம் ஆண்டு ஒன்றிரண்டு முறை, ஓர் அடி உயரத்தில் வெட்டினால் போதும்.

கையால் பிடுங்காதீர்கள். ஃபாக்ஸ்டெயில் என்ற களைப்புல்லைப் பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேர் சேர்ந்து கிளம்பும். கத்தரியால் நறுக்குங்கள்.

ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பார்க்க முழங்காலிட்டுத்தான் தேடவேண்டும். இலை தண்டோடு சேரும் மூட்டைப் பாருங்கள். அங்கே துப்பாக்கியின் குறிமுனை போல இரண்டு கூர் நின்றால் இண்டியன் கிராஸ். அடர்ந்த முடிக்கொத்து இருந்தால் சுவிட்ச்கிராஸ். இலையின் அடியில் நீண்ட முடிகள் தனித்தனியாக நின்று, தண்டின் அடி செம்மை ஓடியிருந்தால் பிக் புளூஸ்டெம். சதுர அடிக்கு ஒரு நாட்டுச் செடி தெரிந்தாலே விதைப்பு வென்றது.

முதல் தீ எப்போது? எப்படி?

மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டு, எரியத் தேவையான சருகு சேர்ந்த பிறகு. பயிற்சி இல்லாமல் யாரும் இதில் இறங்கக்கூடாது. உள்ளூர்த் தீயணைப்புத் துறை அனுமதி, அக்கம்பக்கத்தாருக்குத் தகவல், எழுதிவைத்த திட்டம் மூன்றும் கட்டாயம். திட்டத்தில் காற்று மணிக்கு 8 முதல் 24 கிலோமீட்டர், காற்றின் ஈரப்பதம் 30 முதல் 60 சதவீதம் என்று எல்லை இருக்கும். காற்றே இல்லாத நாளும் ஆபத்து; எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாது.

சுற்றிலும் தீத்தடுப்புக் கோடு வேண்டும். குறைந்தது பத்து அடி, உயரப் புல் இருந்தால் அதைவிட அகலம். முந்தைய இலையுதிர் காலத்திலேயே வெட்டி வாரிவிட வேண்டும். காற்று எந்த ஓரத்தை நோக்கி வீசுகிறதோ அந்த ஓரத்தில் முதலில் பற்றவைப்பார்கள். அங்கே தீ காற்றை எதிர்த்து மெல்ல ஊர்ந்து கரும்பட்டை ஒன்றை உண்டாக்கும். அது நல்ல அகலம் ஆனதும் பக்கவாட்டு ஓரங்கள். கடைசியில்தான் காற்று வரும் பக்கம். அப்போது கிளம்பும் தீ ஆள் உயரத்தைத் தாண்டிப் பாய்ந்து, கரும்பட்டையில் முட்டி, தின்ன ஒன்றுமில்லாமல் அணையும். இந்த வரிசை தப்பினால் தீ பக்கத்து நிலத்துக்குப் போய்விடும்.

ஒரே ஆண்டில் முழு நிலத்தையும் எரிக்காதீர்கள். சருகிலும் தண்டிலும் பூச்சிகளின் முட்டையும் கூட்டுப்புழுவும் இருக்கும். மூன்றில் ஒன்று, அதிகபட்சம் பாதி. ஏப்ரல் கடைசித் தீ புல்லைத் தூக்கும். இலையுதிர் காலத் தீ பூச்செடிக்குக் கைகொடுக்கும். ஆண்டுதோறும் ஒரே தேதியில் எரிப்பவர்கள் ஒரே வகைச் செடிகளையே வளர்க்கிறார்கள்.

விடாப்பிடியான களைகள்?

கிழக்குச் செஞ்சிடார் மரம் பார்க்கப் பயமுறுத்தும், உண்மையில் எளிது. அடிக் கிளைக்கும் கீழே வெட்டினால் திரும்பத் தளிர்க்காது. மூன்றடிக்குக் கீழான கன்றுகள் தீயிலேயே போகும். சுமாக், டாக்வுட் புதர்கள் நேர்மாறு. ஒன்றை வெட்டினால் பத்து வரும். வெட்டிய சில நிமிடத்துக்குள் அடிக்கட்டையில் மருந்து பூசவேண்டும்.

இனிப்புக் குளோவர் இரண்டாண்டுச் செடி. ஒரே ஒரு தீ வைத்தால் உறங்கும் விதை எல்லாம் முளைத்து முன்பைவிட அதிகமாகும். ஓர் ஆண்டு ஏப்ரலில் எரித்து முளைக்கவிட்டு, அடுத்த ஆண்டு மே மாதம் எரித்துத் தண்டைக் கொல்வது என்று ஜோடியாகச் செய்தால்தான் பலன். சிறு இடம் என்றால் பூக்கும்போது, விதை கட்டும் முன், தரையோடு வெட்டுங்கள். கனடா திசில் பெயரில்தான் கனடா, வந்தது ஐரோப்பாவிலிருந்து. அடர்ந்த பிரெய்ரியில் அது தானே மெலிந்துபோகும், பதற வேண்டாம். செரிசியா லெஸ்பெடீசா தென்பட்டால் மட்டும் அன்றைக்கே ஒழியுங்கள். அதோடு சமாதானமாகப் போன நிலம் எதுவும் மீளவில்லை.

பத்து ஆண்டாகிறது, எல்லாம் புல்லாகிவிட்டது. திரும்பவும் உழலாமா?

வேண்டாம். வசந்தத் தீயை நிறுத்தி இலையுதிர் காலத்துக்கு மாற்றுங்கள். ஜூன், ஜூலையில் சில பட்டைகளை மட்டும் குட்டையாக வெட்டிப் புல்லைத் தளர்த்துங்கள். எரித்த கரும்மண்ணில் பூச்செடி விதையை மேல்விதைப்பாகத் தூவுங்கள். வுட் பெட்டனி என்ற சிறு செடி, பிற செடிகளின் வேரில் உறிஞ்சி அரை ஒட்டுண்ணியாக வாழும். அது பரவிய வட்டத்துக்குள் புல் முழங்கால் அளவுக்குக் குறுகி, இடையில் பூச்செடிகள் புகுவதைப் பார்க்கலாம். விதை புதிதாக இருக்கவேண்டும், பழையது முளைக்காது.

முதலிலேயே பொறுமையாகச் செய்ததன் பலனைப் பார்க்க விரும்புபவர்கள் சிகாகோவுக்கு மேற்கே லைல் நகரில், மார்ட்டன் மரத்தோட்டத்தில் உள்ள ஷூலன்பர்க் பிரெய்ரிக்குப் போகலாம். 1962இல் தொடங்கி, நாற்று நட்டு, கையால் களை எடுத்து வளர்த்தது. பக்கத்திலேயே பட்டேவியாவில் ஃபெர்மிலாப் இயற்பியல் ஆய்வகத்தின் துகள் முடுக்கி வளையத்துக்குள் 1970களில் உயிரியலாளர் ராபர்ட் பெட்ஸ் தொடங்கியது இயந்திர விதைப்பு. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

பைசன் இல்லாமல் முடியாதா?

முடியும். ஆனால் இருந்தால் வேறு. பைசன் பெரும்பாலும் புல்லையே தின்று பூச்செடியை விட்டுவைக்கும். புரண்டு குழி போடும். கொன்சாவில் ஏறத்தாழ 30 ஆண்டு மேய்ந்த இடங்களில் நாட்டுச் செடி இனங்கள் சுமார் இரண்டு மடங்காயின. மாடு மேய்ந்த இடத்தில் கூடியது அதைவிடக் குறைவு. சில நூறு ஏக்கர் இல்லாதவர்கள் பைசனை நினைக்க வேண்டாம். நிலத்தின் ஒரு துண்டை மட்டும் எரித்து, இளம்புல் தேடி மாடுகள் அங்கே கூடவிட்டு, அடுத்த ஆண்டு துண்டை மாற்றுவது ஓக்லஹோமாவில் தேறிய முறை. அது மாட்டுக்காரர்களுக்கும் கட்டுப்படியாகும்.

விவசாயம் செய்கிறவருக்கு இதில் என்ன?

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தார் சோயா, மக்காச்சோள வயலில் 10 சதவீதத்தை மட்டும் பிரெய்ரிப் பட்டைகளாக மாற்றிப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி மண் தங்குவது 20 மடங்கும், பாஸ்பரஸ் தங்குவது 4 மடங்குக்கு மேலும் கூடியது. மீதி வயலில் ஏக்கருக்கான விளைச்சல் குறையவில்லை. அமெரிக்காவின் 2018 பண்ணைச் சட்டம் இதற்கு மானியம் தர வழி செய்தது. பட்டை குறைந்தது 30 அடி அகலம் வேண்டும். சரிவுக்குக் குறுக்கே, சம உயர வரப்பு போடுவது போலப் போடவேண்டும். தெளிப்பான் ஓட்டுபவரிடம் பட்டை வந்ததும் அடைப்பை மூடச் சொல்லி வையுங்கள்.

புறநகர் வீட்டுக் கொல்லையில், 100 சதுர அடியில்?

விதையைவிட நாற்று நல்லது. அடிக்கு ஒன்று, நூறு நாற்று. லிட்டில் புளூஸ்டெம், பிரெய்ரி டிராப்சீட், ஆரஞ்சு மில்க்வீட், ஊதாக் கூம்புப்பூ போன்ற குட்டையானவை. பிக் புளூஸ்டெம் நடைபாதையில் சாயும். கடையில் டப்பாவில் விற்கும் 'காட்டுப்பூக் கலவை'யில் பாதி அந்நியச் செடி. பின்பக்கப் பட்டியலைப் படித்துவிட்டு வாங்குங்கள். பல நகரங்களில் புல் உயரத்துக்கு வரம்பு உண்டு. சுற்றிலும் மூன்றடி வெட்டிய ஓரம் வைத்தால் 'பராமரிக்காத தோட்டம்' என்ற புகார் பெரும்பாலும் வராது. அங்கே தீ வைக்க முடியாது. மார்ச் கடைசியில் வெட்டி வாரினால் போதும், தண்டில் ஓர் அடி விட்டு. தேனீக்கள் அதற்குள் கூடு கட்டும்.

லெட் பிளான்ட் விதைத்து மூன்று ஆண்டு, ஒன்றுகூடக் காணோம்.

மூன்று காரணங்கள் இருக்கலாம். கெட்டியான விதையுறையை உரசாமல் விதைத்திருப்பீர்கள். இரண்டு உப்புத்தாளுக்கு நடுவே லேசாகத் தேய்க்க வேண்டும். ரைசோபியம் கலக்காமல் விட்டிருப்பீர்கள். அல்லது முயல். முயலுக்கு இது பொரிகடலை மாதிரி. முளைக்க முளைக்கக் கத்தரித்துவிடும். தரையோடு குனிந்து, சாய்வாக நறுக்கிய குச்சி நுனி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் செடி உயிரோடு இருக்கிறது. ஓர் அடி உயரக் கம்பிவலையை உருளையாகச் சுற்றி ஊன்றி, இரண்டு ஆண்டு விட்டுவையுங்கள்.